என் ஓரகத்தி வேதாவின் தெருநடை

என் ஓரகத்தி வேதாவைப் பற்றி நல்லபடியாக எழுதித் தரச் சொல்லி என் மகள் சினேகா கேட்டாள். காலேஜ் மலரில் ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறதாம். பெற்றவள் ஒருத்தி வீட்டிலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், அவள் கண்ணுக்குச் சித்திதான் பட்டாள். சரி, எழுதுகிறேன். நல்லபடியாக வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

வேதா கீழ்பென்னாத்தூர்க்காரி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். பி.காம் முடித்துவிட்டு என் கொழுந்தன் குமரேசனைக் கட்டிக்கொண்டு, திருவூடல் தெருவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் மனு எழுதித் தரும் வேலை. பட்டா, உதவித்தொகை, வாய்க்கால் தகராறு, எதற்கு யார் வந்தாலும் "உங்க வாயால சொல்லுங்க" என்பாள். அப்படியே எழுதிப் படித்தும் காட்டுவாள். வந்தவர்கள் அழுதுவிடுவார்கள். கதை அவர்களுடையது, ஆனால் இவள் வாயால் கேட்டால்தான் அவர்களுக்கே அழுகை வரும். அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் குடும்பமாக வேன் எடுத்துக்கொண்டு கொச்சிக்குப் போனோம். மட்டாஞ்சேரியில் யூதர் தெரு என்று ஒன்று இருக்கிறது. அங்கே வாழ்ந்த யூதக் குடும்பங்களில் அநேகம் பேர் எப்போதோ இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் மிளகுக் கடையில் விலை பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் தெருவுக்குள் நடந்தேன். அங்கே ஒரு பெண், அந்தக் காலத்து முண்டும் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு கூட்டத்தை வீடு வீடாக அழைத்துப் போனாள். வழிகாட்டி மாதிரிப் பேசவில்லை. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த யூதப் பெண்ணாகவே மாறி, இது என் அத்தை வீடு, இங்கேதான் எனக்குக் கல்யாணம் ஆனது என்று நடித்துக் காட்டினாள். கடைசியில் கப்பலேறப் போகிறவளாக ஒரு வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தாள். மலையாளமும் இங்கிலீஷும் கலந்த பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. அழுகை முழுசாக வந்தது.

"ஏய் வேதா, இங்க வாடி, வந்து இத பாரு!" என்று பாதியிலேயே கடைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டது நான். முதலில் பார்த்ததும் நான்தான்.

திரும்பி வரும்போது வேனில் அவள் அந்தப் பெண் பேசியதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மறு வாரம் என்னிடம் வந்தாள். "அக்கா, நம்ம தெருவையும் அதே மாதிரி நடந்து காட்டலாமா?" என்றாள். "காட்டலாம், காட்டலாம்" என்று சொல்லிக்கொண்டே நான் வெங்காயம் உரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

தை மாதம் எங்கள் தெருவில் சாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், சமாதானம் பேசச் சுந்தரர் தூது போவார். சாமி வேஷம் கட்டினால் ஊர் சும்மா விடாது என்று வேதாவுக்குத் தெரியும். அதனால் நூறு வருடத்துக்கு முன் இந்தத் தெருவில் வாழ்ந்த ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கற்பனை செய்தாள். சாமி ஊடலைப் பார்க்கப் போன இடத்தில் அவர்களுக்கே சண்டை வந்துவிடுகிறது. தேரடியில் கூட்டத்தைச் சேர்த்து, புருஷன், மாமியார், வளையல்காரர் என்று எல்லோருமாகத் தானே மாறி மாறிப் பேசி, எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து முடிப்பாள். சனி, ஞாயிறு சாயங்காலம் நடக்கும். சென்னைக்காரர்கள் வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். இத்தனை வருடம் இதே தெருவில் குப்பை கொட்டிய நானும் வாசலில் நின்று வாயைப் பிளந்தேன். பிளந்த வாயோடு வயிறும் எரிந்தது.

முதலில் எனக்குக் கிடைத்த வேலை, நடந்து வந்தவர்களுக்குக் காபி போடுவது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பது போல, என் அடுப்பு, என் கை, பெயர் மட்டும் அவளுக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு பெண்டாட்டி வேஷம் தந்தாள்.

"வசனம் இல்லக்கா. நீங்க கோவமா உள்ள போயி கதவ சாத்திக்கணும். நான் தூது வந்து மூணு தடவ கூப்புட்டதும் தொறந்துடணும், அவ்ளோதான்."

ஒன்பதாவது படிக்கும்போது மகாராணி வேஷம் கட்டிப் பரிசு வாங்கியவளுக்கு வசனம் இல்லையாம்! என் வீட்டுக்காரரிடம் புலம்பினால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்பில்லை.

போன வாரம் பேப்பரில் வேதாவைப் பற்றி வந்தது. 'தனியொருத்தியாக ஒரு தெருவுக்கு உயிர் கொடுத்தவர்' என்று தலைப்பு. கூடவே பெரிய படம். அதில் கதவோரமாக என் முழங்கையும் இருந்தது. முழங்கை யாருடையது என்று ஒரு வரி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோபமாக உள்ளே போவதற்கு நான் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வேதா ஒரு தடவை கூப்பிட்டாள். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். நான் திறக்கவில்லை.

வெளியே கூட்டம் சிரித்தது. வேதா கதவிடுக்கில் வாய் வைத்து, "அக்கா, என்னக்கா ஆச்சு? தொறங்கக்கா" என்றாள்.

"தொறக்க மாட்டேன்!" என்று கத்தினேன். "கொச்சியில மொதல்ல பாத்தது யாரு? உன்ன கூப்புட்டது யாரு? பேப்பர்ல தனியொருத்தின்னு போட்டிருக்கான், நீயும் வாய மூடிகினு இருக்க! இங்க உள்ள இருக்கறவ யாரு, கதவுக்கு மாட்டுன கொண்டியா?"

வெளியே படபடவென்று கைதட்டினார்கள். பாவிகள், இதையும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

"தட்டாதீங்க" என்று வேதா சொன்னது கேட்டது. "இது நாடகம் இல்ல. எங்கக்கா சொல்றது நெஜம். அந்தத் தெருவ மொதல்ல பாத்தது அவங்கதான். அவங்க மட்டும் கூப்புடலன்னா நான் மிளகு வாங்கினு ஊருக்கு வந்திருப்பேன். பேப்பர்காரங்க கேட்டப்ப அத சொல்லல. மறந்துட்டேன்னு சொன்னா பொய். ஞாபகம் இருந்துச்சு. எனக்கே எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு தோணிச்சு, அதான் சொல்லல."

எனக்குக் கண் கலங்கியது. அவள் வாயால் கேட்டால் யாருக்குத்தான் கலங்காது! ஆனால் வெளியே எழுந்த கைதட்டலைக் கேட்டதும் கலங்கிய கண் காய்ந்துவிட்டது. முன்னைவிட ஜாஸ்தியாகத் தட்டினார்கள். ஒரு பெண் விசும்பிக்கொண்டே, "எவ்ளோ பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றாள். தப்பு செய்தவள் ஒத்துக்கொண்டதற்கு இத்தனை கைதட்டல். ஏமாந்தவளுக்கு ஒன்றுமில்லை.

அப்புறம் யாரோ என் பெயரை அவளிடம் கேட்டார்கள். "ரேவதியக்கா, தொறங்க!" என்று ஒரு குரல் வந்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கடைசியில் வாசலில் நின்ற முப்பது பேரும் கூப்பிட்டார்கள். என் பெயரை இத்தனை பேர் சேர்ந்து சொல்லி நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொள்கிறேனே என்று, தாழ்ப்பாளில் கையும் கதவில் காதுமாக நின்றேன்.

வேதாவும் அவர்களோடு சேர்ந்து கூப்பிட்டாள். அந்த முப்பது குரலுக்கும் மேலே அவள் குரல்தான் கணீரென்று கேட்டது.