ஒத்துக்கொண்டவனுக்கு அப்பீல் இல்லை என்றார்கள்

செங்கல்பட்டு கோர்ட்டில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் வீட்டுக்காரர் செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொன்னார். "ஆமாங்கய்யா, நான்தான்." அவ்வளவுதான். ஏழு வருஷம் கடுங்காவல். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அது எண்பத்தாறாம் வருஷம். பம்மலில் ஒரு தோல் ஷெட்டில் அவருக்கு வேலை. கோவளம் ரோட்டில் யாரோ ஒருவன் ஒரு அம்மாவின் கழுத்தில் கத்தியை வைத்துத் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். வேலை முடிந்து வந்த இவரை வழியிலேயே போலீஸ் பிடித்தது. பையில் தோல் சீவும் கத்தி இருந்தது. அது போதுமாக இருந்தது அவர்களுக்கு.

ஜெயிலில் மனு போட்டு அவரைப் பார்த்தபோது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

"ஏன்யா ஒத்துக்கினே? நீ அன்னிக்கு ஷெட்லதானே இருந்தே?"

"அடிச்சாங்க, தாங்கிக்கினேன். ஒத்துக்கலன்னா உன்னையும் இட்டாந்து ஸ்டேஷன்ல உக்கார வெப்போம்னாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு."

அன்றைக்கே வக்கீலைத் தேடிக் கிளம்பினேன்.

தாம்பரத்தில் ஏறாத வக்கீல் வீட்டுப் படி இல்லை. எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "குத்தத்தை ஒத்துக்கிட்டவனுக்கு அப்பீல் கிடையாதும்மா. தண்டனையக் கொறைங்கன்னு வேணா கேக்கலாம்." செய்யாததற்கு ஏன் குறைத்துக் கேட்க வேண்டும்? என் சொந்த அண்ணனே, "ஒத்துக்கினவன் பொண்டாட்டி எங்க வூட்டுக்கு வரவேணாம்" என்று சொல்லி அனுப்பினான். கைக்குழந்தையோடு நான் யாரிடம் போவேன்?

நான் பிறந்தது மாடம்பாக்கம். அந்தச் சிவன் கோயிலைச் சுற்றித்தான் வளர்ந்தேன். ஒரு பிரதோஷத்தன்று போய் நின்றேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். "உனக்குக் கண்ணு கீதா, இல்லையா? எங்கள ஏன் பார்க்கமாட்டேன்ற?" என்று வாய்விட்டே கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒரு அம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலையூர் காலனியில் குடியிருப்பவர், ஹைகோர்ட்டில் வக்கீல் என்று பிறகுதான் தெரிந்தது.

"அழாதீங்கம்மா. என்ன நடந்ததுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"அவருக்குன்னு வக்கீல் யாராவது நின்னாங்களா? ஒத்துக்கிட்டா ஏழு வருஷம் ஆகும்னு கோர்ட்ல எடுத்துச் சொன்னாங்களா?"

"யாருமே இல்லக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்போ அது ஒத்துக்கிட்டதாவே ஆகாது. நான் கேஸ் போடறேன்."

அந்த ஈசன் எனக்குப் பதில் சொன்னது அப்போதுதான். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் பதில் வந்ததும் கதவு திறந்துவிடவில்லை. கேஸ் வருஷக் கணக்கில் இழுத்தது. கடைசியில் ஹைகோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்து, முறைப்படி மறுபடி விசாரிக்கச் சொன்னது.

மறு விசாரணையில் சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா கூண்டில் ஏறினார். என் வீட்டுக்காரரை ஒரு முறைதான் பார்த்தார்.

"இவர் இல்லைங்க. அன்னிக்கே ஸ்டேஷன்ல சொன்னேனே, இவர் இல்லைன்னு. யாரும் எழுதிக்கலை."

அன்றைக்கே சொல்லியிருக்கிறார்! நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்பத்தொன்பதில் விடுதலை ஆனார். ஆனால் ஜெயிலுக்குப் போன அந்தப் பழைய மனுஷன் திரும்பி வரவில்லை. தெருவில் போலீஸ் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். ஷெட்டில் மறுபடி சேர்க்கவில்லை. மகள் அவரை "யாரும்மா இது?" என்று கேட்டாள். அடித்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்தான். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

இந்தக் கசப்பு இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் போகிறேன், நன்றி சொல்கிறேன். அந்த வக்கீலம்மாவை என் பக்கத்தில் உட்கார வைத்தவன் அவன்தான். இப்போது செங்கல்பட்டு கோர்ட் வாசலில் திக்குத் தெரியாமல் நிற்கும் பெண்களைக் கண்டால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. வக்கீலிடம் கூட்டிப் போகிறேன். வீட்டுக்காரரும் சில நாள் கூட வருகிறார். பேசமாட்டார், நிற்பார்.

உங்கள் வீட்டு ஆள் செய்யாத தப்புக்கு உள்ளே இருந்தால், ஈசனிடம் போய்ச் சொல்லுங்கள். அழகாகச் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவன் கேட்பான். சொல்லிவிட்டு வீட்டில் வந்து படுத்துவிடாதீர்கள், கோர்ட்டுக்கும் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன்.