எல்சி அனுப்பிவைத்த சிங்கப்பூர்

கிளமென்டுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவனுக்கு நாற்பத்தாறு வயது. குடவாசலில் ஒன்றாகப் படித்த எங்கள் நாலு பேர் செட்டில் அவன்தான் பாக்கி. என் பையன் அப்போது பிளஸ் ஒன். சிங்காரவேலுவின் மகள் காலேஜ் போய்க்கொண்டிருந்தாள். ஃபாஜில் போன் பண்ணிச் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் இருந்தேன். "யாருக்கு? யாருக்குடா?" என்று நான் கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே போட்டார்.

மோட்டார் காயில் கட்டுவது கிளமென்டின் தொழில். வயல் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவன் கடைக்குத்தான் தூக்கி வருவார்கள். அப்பா பெரியநாயகசாமி இறந்ததும், பிளஸ் டூ முடித்த கையோடு கடையில் உட்கார்ந்தவன். இரண்டு தங்கைகள். பெண் பார்க்கலாமா என்று கேட்டால் "குறுவை முடியட்டும்" என்பான். குறுவை முடிந்தால், "சம்பா நேரம், மோட்டாரா வந்து குவியுது" என்பான். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தான். அதற்குப் பிறகு அம்மா படுத்துவிட்டார்கள். அம்மாவும் போனபின், பெரிய தங்கை அருள்மேரி, "இனிமே உன்னைய எதுவும் கேக்கப்போறதில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய், தரங்கம்பாடியில் எல்சியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

எல்சி நர்ஸ். சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருஷம் வேலை பார்த்து, சம்பளத்தில் இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்தவள். கொரோனா சமயத்தில் ஊர் திரும்பி, இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் இருந்தாள். அவர்கள் லுத்தரன், இவன் ஆர்.சி. எந்தக் கோயிலில் கல்யாணம் என்று பெரியவர்கள் கொஞ்சம் இழுத்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் "எங்க வேணா வைங்க" என்று சொல்லிவிட்டதால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கல்யாணம் என்றாலும் அதற்கு முந்தின வாரம் சிங்காரவேலு வீட்டு போர்செட்டில் கூடுவோம். தொட்டியில் விழுந்து கண் சிவக்கக் குளிப்போம், கோழி அடித்துக் குழம்பு வைப்போம். அதற்குக் 'கடைசிக் குளியல்' என்று பேர். "நல்ல நாளும் அதுவுமா பேரப் பாரு" என்று என் அம்மா திட்டுவார்கள். மூன்று பேருடைய குளியலுக்கும் கிளமென்ட்தான் எல்லாம். கோழி வாங்குவது, மசாலா அரைத்துக்கொண்டு வருவது, ஆட்டம் முடிந்ததும் பாத்திரம் கழுவுவது வரை அவன். என் முறை வந்தபோது கரண்ட் போய்விட்டது. எங்கிருந்தோ டீசல் என்ஜின் ஒன்றை இரவல் வாங்கி வந்து, தண்ணீர் பீறிட்டு வரும்வரை அதோடு மல்லுக்கட்டினான். ஈரத்தலையோடு வரப்பில் உட்கார்ந்து தின்ற அந்தக் கோழிக்குழம்பின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

"இவனுக்கு அந்தத் தொட்டிக் குளியல் போதாதுடா," என்றான் ஃபாஜில். அவனுக்குத் திருவாரூரில் ஜவுளிக்கடை. "இப்பல்லாம் பேச்சிலர் பார்ட்டின்னு ஃப்ளைட் ஏறிப் போறானுங்க. நாமளும் போவோம். பாங்காக்."

அந்த ஊர்ப் பேரை வீட்டில் சொன்ன அன்று கனிமொழி எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. சாப்பிட்டு முடித்தபிறகு, "நாப்பத்தாறு வயசுல என்னங்க பேச்சிலர்?" என்று மட்டும் கேட்டாள். சிங்காரவேலு வீட்டில் சோறும் போடவில்லையாம். அதனால் சிங்கப்பூர் என்று முடிவு செய்தோம். திருச்சியில் ஏறினால் அங்கே இறங்கிவிடலாம். தமிழ் பேசியே காலம் தள்ளலாம்.

கிளமென்ட் செய்த முதல் காரியம், எல்சிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னது. ஃபாஜில் தலையில் அடித்துக்கொண்டான்.

"பொண்ணுகிட்டயே கேட்டுட்டு பேச்சிலர் பார்ட்டிக்குப் போற மொத ஆளு நீதான்டா!"

"அவங்க ஊர்டா அது. சொல்லாமப் போனா நல்லாவா இருக்கும்?" என்றான் கிளமென்ட்.

எல்சி கோபப்படவில்லை. எந்தப் பக்கம் தங்கப்போகிறோம் என்று கேட்டாளாம். ஃபாஜில் போட்டுவைத்த திட்டத்தை இவன் சொல்லியிருக்கிறான். "அது டூர் பஸ்ஸுல வர்றவங்க பாக்குறது. உங்க ஃப்ரெண்ட்ஸ் தப்பா நெனைக்கலேன்னா நான் சொல்லட்டுமா?" என்றிருக்கிறாள். இப்படித்தான் 'கடைசிக் குளியல்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் கல்யாணப் பெண்ணே வந்து சேர்ந்தாள்.

முதல் வாய்ஸ் மெசேஜ் ரொம்பச் சின்னது. "வணக்கம்ணே. நான் எல்சி. சிராங்கூன் ரோடு பக்கம் ரூம் போடுங்க. சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருக்காது." அவ்வளவுதான். டீச்சரிடம் பேசும் பிள்ளை போல ஒரு குரல்.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் நாங்கள் கிளமென்ட் கடையில் கூடிவிடுவோம். செம்புக்கம்பிச் சுருள்களுக்கு நடுவே, வார்னிஷ் வாடையில், பிரித்துப்போட்ட மோட்டார் ஒன்றின்மேல் போனை வைத்துவிட்டு டீயோடு உட்காருவோம். எல்சி டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது பேசி அனுப்புவாள். நாளாக நாளாக மெசேஜ் நீண்டது. ஒரு பார்க் மேட்டில் ஏறினால் கப்பல்கள் வரிசைகட்டி நிற்பது தெரியும் என்பாள். மழை வந்தால் குடை வேண்டாம், அடுக்குமாடிகளுக்கு அடியிலேயே நடந்து போய்விடலாம் என்பாள். காப்பிக்கடையில் 'கொப்பி' என்று கேட்டால் பால்காப்பி, 'கொப்பி ஓ' என்றால் கடுங்காப்பி என்று பாடம் நடத்துவாள்.

"ஃபாஜில் அண்ணே, கேலாங் போகணும்னு சொன்னீங்களாமே? போங்க. டுரியான் பழம் சாப்பிட்டுட்டு நேரா ரூமுக்கு வந்துருங்க."

ஃபாஜிலுக்குப் புரையேறிவிட்டது. கேலாங்கில் டுரியான் கடைகள் மட்டுமல்ல, சிவப்பு விளக்கு வீடுகளும் உண்டு. சிங்காரவேலுவுக்கு விஷயம் விளங்கவில்லை. "ஏன், அங்க என்ன?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் கடற்கரையைப் பற்றிச் சொன்னாள். லீவு நாளில் சைக்கிள் வாடகைக்கு எடுப்பார்களாம். முப்பது வயதுக்கு மேல் அங்கேதான் அவள் சைக்கிள் கற்றுக்கொண்டாள். "தலைக்கு மேல ப்ளேன் ஒவ்வொண்ணா எறங்கும்ணே. திருச்சி ப்ளேன் எதுன்னு எனக்குப் பாத்தவுடனே தெரியும். அது போற வரைக்கும் சைக்கிள நிறுத்திட்டு..." அதோடு பேச்சு நின்றுவிட்டது. பஸ் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. "சரிண்ணே, நாளைக்குச் சொல்றேன்."

கிளமென்ட் அந்த மெசேஜை மறுபடி போட்டுக் கேட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை, "வண்டியெடு பரிதி, தரங்கம்பாடி போவோம்" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

கடற்கரைக் கோட்டைக்கு முன்னால் எல்சி தன் தம்பி மகளோடு வந்திருந்தாள். நான் ஒதுங்கப் பார்த்தேன். "உக்காருங்கண்ணே, ரகசியமா பேசப்போறோம்?" என்றாள். கிளமென்ட் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்களும் வாங்களேன். நாங்க போய் என்னத்தப் பாக்கப்போறோம்? அது உங்க ஊரு."

எல்சி அலையைப் பார்த்தபடி, கொரோனா சமயத்தில் ஊர் திரும்பியதைச் சொன்னாள். அம்மா வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று போன் வந்ததாம். ஊருக்கு ஒரு சிறப்பு விமானம். அதில் இடம் கிடைத்ததே பெரிது. ஒரே பெட்டியோடு கிளம்பியிருக்கிறாள். அவள் பார்த்துக்கொண்ட சீனப் பாட்டிகளிடம் முகக்கவசத்தோடு கையாட்டியதுதான் விடைபெற்றது. யாரையும் தொடக்கூட முடியவில்லை.

"இப்ப வந்தா நான் அழுதுகிட்டேதான் இருப்பேன். உங்க ட்ரிப்பு கெட்டுப்போயிரும். நீங்க மொதல்ல பாத்துட்டு வாங்க. அப்புறம் நான் எதாவது சொல்றப்ப உங்களுக்கு எந்த எடம்னு தெரியும்ல, அது போதும்."

பிறகு ஒன்று கேட்டாள். சிங்கப்பூர் பிடோக்கில் ஆமினா அக்கா என்று ஒருத்தர் காப்பிக்கடை வைத்திருந்தார். போன் நம்பர் மாறிப்போய்த் தொடர்பு விட்டுப்போனது. "இருந்தா, எல்சிக்குக் கல்யாணம்னு சொல்லுங்க."

ஐப்பசி நடுவில் போனோம். முதல் நாள் ஃபாஜில் ஆசைப்பட்டபடி உயரமான கட்டடத்து மொட்டைமாடியில் நின்று போட்டோ எடுத்தோம். சிங்காரவேலுவுக்கு நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. பளபளப்பு பளபளப்புதான், ஆனால் கிளமென்டின் மனம் எதிலும் நிற்கவில்லை. மறுநாள் காலையிலேயே, "நீங்க படகுக்குப் போங்கடா, நான் பிடோக் போயிட்டு வந்துர்றேன்" என்றான். அவனைத் தனியே விடுவதாவது. எல்லோரும் பஸ் ஏறினோம்.

எல்சி சொன்ன இடத்தில் கடை இருந்தது, ஆள் வேறு. "ஆமினா அக்காவா? முட்டி வலி, கடைய விட்டுட்டாங்க. பின்னாடி ப்ளாக்குலதான் இருக்காங்க" என்றார் கடைக்காரர். அடுக்குமாடிக்குக் கீழே பெஞ்சில் பூப்போட்ட முக்காட்டோடு ஒரு அம்மாள் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். தன் முன்னால் வந்து நின்ற எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எல்சி அனுப்புனாங்க," என்றான் கிளமென்ட்.

"எந்த எல்சி?"

"தரங்கம்பாடி எல்சி. நர்ஸு."

"கத்திக் கத்திச் சிரிக்குமே, அந்த எல்சியா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்சி சிரித்து நாங்கள் கேட்டதேயில்லை. ஆமினா அக்கா நிறுத்தாமல் பேசினார். ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு வந்தால் பக்கத்து மேஜைச் சீனத் தாத்தாக்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்களாம். அவர்களோடு உட்கார்ந்து கேரம் ஆடி, ஜெயித்து, காப்பி வாங்கித் தரச்சொல்லி வம்பு பண்ணுவாளாம். "நீங்க யாரு அவளுக்கு?" என்று கடைசியாகத்தான் கேட்டார்.

"கட்டிக்கப்போறவன்," என்றான் கிளமென்ட், வெட்கத்தோடு.

வீடியோ கால் போட்டோம். எல்சி கிளினிக்கில் யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தவள், திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா!" என்றாள். அழுகை வந்தது. ஆமினா அக்கா மலாயில் ஏதோ சொன்னார். அடுத்த நொடி அந்தச் சிரிப்பு வெடித்தது. போன் ஸ்பீக்கர் தாங்காத சிரிப்பு. கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ! கிளமென்ட் போனைக் கையில் பிடித்தபடி வாய் திறந்து நின்றான். வாழ்நாளில் அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அன்று படகுச் சவாரி போயே போய்விட்டது. ஆமினா அக்கா வீட்டில் மாடியேறி, அவர் வறுத்துக் கொடுத்த மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அவருடைய அப்பா நாகூரிலிருந்து கப்பலேறிப் போனவராம். அக்கா நாகூரைக் கண்டதில்லை. ஃபாஜில் தர்கா குளக்கரையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தெருவாகச் சொல்லிக்கொண்டே போனான். வெளியே மழை கொட்டியது. எங்களில் யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை.

தை மாதம் குடவாசல் கோயிலில் கல்யாணம். எல்சி இப்போது கிளமென்ட் கடைக்குப் பக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று வைத்திருக்கிறாள். எங்கள் மனைவிமாரெல்லாம் அவளோடு ஒட்டிக்கொண்டார்கள். ஃபாஜில் கடையைத் தஞ்சாவூருக்கு மாற்றிவிட்டான். சிங்காரவேலு மகள் கல்யாண வேலையில் கிடக்கிறான். முன்போல் கூட முடிவதில்லை. போய்ச் சுற்றிய நாட்களைவிட, போவதற்கு முன்னால் அந்த வார்னிஷ் வாடையில் உட்கார்ந்து கேட்டதுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பார்த்த சிங்கப்பூர் எனக்குப் பாதி மறந்துவிட்டது. எல்சி சொன்ன சிங்கப்பூர் மறக்கவில்லை.

போன மாதம் கனிமொழி பெட்டி கட்டினாள். எல்சி தலைமையில் பெண்கள் எல்லோரும் சிங்கப்பூர் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் கேட்டதற்கு, "நீங்கதான் பாத்தாச்சே" என்று பதில் வந்தது. ஊரில் மிச்சமான நாங்கள் கிளமென்ட் வீட்டில் கூடிச் சமைத்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் கனிமொழி எனக்கு வீடியோ கால் போட்டாள், கிளமென்ட் போனை வாங்கிக்கொண்டான். கடற்கரை. எல்லோரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்சி வானத்தில் எதையோ கைகாட்டி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"என்னடா சொல்லுது?" என்றான் சிங்காரவேலு, அடுப்படியிலிருந்து.

"காத்து அடிக்குதுடா. ஒண்ணும் வெளங்கல," என்றான் கிளமென்ட். போனை மட்டும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.