டிரம்மில் பாடிய இன்ஜின்

ரமாபாய்க்கு நாற்பத்தொரு வயது. வியாசர்பாடியில் பிறந்தவள், வாழ்க்கைப்பட்டதும் அங்கேயேதான். பக்கத்திலிருந்த பைக் ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தாள். முதலில் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவத்தான் எடுத்தார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழுவியதோடு நில்லாமல், கொஞ்ச நாளில் அவளே பூட்டவும் ஆரம்பித்தாள். யாரும் தடுக்கவில்லை. அவள் பூட்டிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை.

பிறகு, கார்புரேட்டரே இல்லாத பைக்குகள் வந்தன. முதலாளி கோளாறு பார்க்க ஒரு லேப்டாப் வாங்கினார், அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் வைத்துக்கொண்டார். ரமாபாய்க்கு வேலை குறைந்தது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் அவள் கணவன் ஜெயவேல்தான் வழி சொன்னான்.

"காசிமேட்டாண்ட போய்ப் பாரேன். சின்ன போட்டு இன்ஜினெல்லாம் இன்னும் கார்புரேட்டர்லதான் ஓடிகினு கீது."

போனாள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் கூடத்தை ஒட்டிய ஒரு ஷெட்டில் இடம் கிடைத்தது. பைபர் படகுகளின் பின்பக்கம் மாட்டும் இன்ஜின்கள் வரும். கழற்றிக் கழுவிப் பூட்டி, தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்ப்பாள். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று திருகுவாள். ஆறு வருஷம் இப்படி நன்றாகவே ஓடிற்று. ஆனால் அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவள் படகில் கால் வைத்ததில்லை. நீச்சல் தெரியாது. கடல் என்றாலே பயம்.

போன ஆடியில் எண்ணூரிலிருந்து லோகநாதன் வந்தார். சொந்தப் படகு வைத்திருப்பவர், அறுபதை நெருங்கியவர். கரையைவிட்டு ஒரு மைல் போய் வேகம் கொடுத்தால் இன்ஜின் தொண்டை அடைத்து இறங்கிவிடுகிறது என்றார். ரமாபாய் கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டி டிரம்மில் ஓட்டிக் காட்டினாள். அருமையாக ஓடியது. நாலு நாளில் திரும்பி வந்தார். மறுபடியும் கழுவினாள். மறுபடியும் டிரம்மில் அருமையாக ஓடியது. அடுத்த வாரம் மூன்றாவது தடவையாக வந்து இன்ஜினைத் தரையில் வைத்தார்.

"இன்னாமா ரமா, டிரம்முல பாடுது, கடல்ல போனா படுத்துக்குது. உன் டிரம்மையா நான் ஓட்டிகினு போவப் போறேன்?"

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. மெதுவாக ஓடும்போது ஒரு சின்ன துவாரம் வழியாக பெட்ரோல் போகும். முழு வேகத்தில் மெயின் ஜெட் என்கிற சின்னத் திருகாணியில் இருக்கும் பெரிய துவாரம் வேலை செய்யும். டிரம்மில் படகும் இல்லை, வலையும் இல்லை, ஆளும் இல்லை. பாரம் இழுக்காத இன்ஜினிடம் மெயின் ஜெட்டைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

"நாளைக்கு நானே போட்ல வரேன்ணா," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு எண்ணூரில் படகு ஏறினாள். படகை ஓட்டும் அம்புரோஸ் அவளுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டான்.

"அக்கா, நடுவுல குந்திக்கோ. எது நடந்தாலும் எழுந்துக்காத."

முகத்துவாரத்து அலையில் படகு ஏறி இறங்கியதுமே காலையில் குடித்த டீ வெளியே வந்துவிட்டது. லோகநாதன் பதறி, "திரும்பிடலாமா?" என்றார். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வேகம் குடு," என்றாள் அம்புரோஸிடம்.

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பின்னால் சின்னதாகப் போயின. சொன்னபடியே இன்ஜின் சத்தம் தேய ஆரம்பித்தது. பெட்ரோல் குழாயில், பிசைந்தால் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் ரப்பர் பந்தைப் பிசைந்து பார்த்தாள். மாற்றமில்லை. அப்படியானால் டாங்கிலிருந்து பெட்ரோல் சரியாக வருகிறது. பிறகு காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சமாக இழுத்தாள். இன்ஜின் சட்டென்று உறுமி எழுந்தது. தள்ளினாள், தேய்ந்தது. இழுத்தாள், எழுந்தது.

"கேட்டியா? காத்தக் கொறச்சா தெம்பாவுது. அப்ப பெட்ரோல் பத்தல. அதுக்குப் பசி," என்றாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

கரைக்கு வந்ததும் ஈர மணலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து கார்புரேட்டரைத் திறந்தாள். மெயின் ஜெட்டில் அழுக்கு இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, துவாரத்தின் அளவைச் சொல்ல அதன் மேல் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். இருக்க வேண்டியதைவிட இரண்டு அளவு சின்னது.

"யாருணா இத மாத்துனது?"

லோகநாதன் கடலைப் பார்த்தார். அம்புரோஸ் லோகநாதனைப் பார்த்தான்.

"நான்தான்மா," என்றார் கடைசியில். "தெரிஞ்சவன் ஒருத்தன் குடுத்தான். இத்தப் போட்டா பெட்ரோல் கம்மியா குடிக்கும்னான்."

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா சூட்டுல பிஸ்டன் ஓட்டையாயிருக்கும். அதுவும் கடல்ல. மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ சிரிப்பியோன்னு பாத்தேன்."

அவள் சிரிக்கத்தான் செய்தாள். பிறகு, "ரெண்டு தபா கழுவுனேன். நானும் நம்பரப் பாக்கல. எனக்கும் புத்தி இல்ல," என்றாள். அதைக் கேட்டதும் லோகநாதனின் முகம் தெளிந்தது.

பையிலிருந்த சரியான ஜெட்டைப் பூட்டினாள். மறுபடியும் கடலுக்குப் போனார்கள். இந்தத் தடவை இன்ஜின் ஒரே சுருதியில் இழுத்தது. படகின் மூக்கு தூக்கி, தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து போயிற்று. திரும்பியதும் லோகநாதனின் மனைவி சோறு போட்டு, சங்கரா மீன் குழம்பு ஊற்றினாள். ரமாபாயால் இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை; மிச்சத்தைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டாள். அன்றிரவு அதை ஜெயவேல் வழித்துச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு வேகத்தில் மக்கர் செய்கிற எந்த இன்ஜினையும் அவள் டிரம்மோடு விடுவதில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படகில் ஏறிவிடுகிறாள். முதல் பத்து நிமிஷம் இன்னமும் உட்கார்ந்த பலகையை இறுகப் பிடித்துக்கொள்வாள். அப்புறம் சத்தத்தில் கவனம் போய்விடும்.

லோகநாதனே பக்கத்துக் குப்பத்து ஆட்களை அழைத்து வருகிறார். ஷெட்டு வாசலில் நின்று ஜெட் கதையை அவர்தான் சொல்லிச் சிரிக்கிறார். சொல்லச் சொல்ல அந்த ஒரு மைல் இப்போது அஞ்சு மைலாகியிருக்கிறது. ரமாபாய் அதைத் திருத்தப் போவதில்லை.