செவலையைப் பட்டினி போட்ட ஹில்டித்

அறுப்பு முடிந்த கையோடு உல்நாத் படுக்கையில் விழுந்தான். இருமல் நெஞ்சைப் பிளந்தது. பாதிரியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயை நெற்றியில் பூசிவிட்டுப் போனார். அவன் மனைவி ஹில்டித் நேரே கொட்டிலுக்குப் போய் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று ஊர் பேசியது. அவளுக்கு அழ நேரமில்லை. குடியானவன் செத்தால் அவன் மாடுகளில் முதல் தரமானது பிரபுவுக்கு, அடுத்தது கோயிலுக்கு. பிணம் வாசலைத் தாண்டுமுன் மாடு தாண்டிவிடும். பழைய ஆங்கிலப் பிரபு போரில் மடிந்து, கடல் தாண்டி வந்த நார்மன் பிரபு மரக்கோட்டை கட்டி அமர்ந்த பிறகும் அந்த முறை போகவில்லை. எடுத்துப்போகிற கைதான் மாறியது.

அவளிடம் இருந்தவை மூன்று: உழவுக்கு வலுத்த இளஞ்செவலை எருது, முழங்கால் வீங்கிய கிழட்டு மயிலை எருது, ஒரு பசு. நாலு வீட்டு எருதுகளைச் சேர்த்துப் பூட்டினால்தான் இங்கே ஓர் ஏர் ஓடும். எருது தராத வீட்டுக்கு ஏர் முறை கிடையாது. ஏர் ஓடாத நிலத்தைப் பிரபு வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார். மயிலையை நம்பி ஏர் பூட்ட முடியாது. செவலை மிஞ்ச வேண்டுமானால் மூன்றிலும் அதுதான் மட்டமாகத் தெரிய வேண்டும்.

அன்று முதல் மயிலைக்கு ராஜ உபசாரம். புருஷனுக்குக் காய்ச்சிய மொச்சைக் கஞ்சியில் பாதி அதற்குப் போனது. பன்றிக் கொழுப்பைத் தேய்த்து அதன் உடம்பைப் பளபளக்க வைத்தாள். செவலைக்கு அரைவயிற்றுக்கு வைக்கோல். முதுகில் சேற்றை அப்பிக் காயவிட்டாள். அது பசியில் கத்தும்போது காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவாள்; உள்ளே அவன் இருமுவான்.

பிரபுவின் காரியஸ்தர், சாவு விழுமுன்பே மாட்டைப் பார்த்து வைத்துக்கொள்கிறவர். ஊர்ப்பேச்சு அவருக்கு வராது. கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்து இரண்டு பேச்சும் படித்தவன் என்பதால் என்னை அழைத்துப் போனார். எதையாவது தப்பாகச் சொன்னால் இரண்டு பக்கமும் உதை எனக்குத்தான்.

மூன்றில் எது உசத்தி என்று அவர் கேட்டதை மணியக்காரர் டோடாவிடம் சொன்னேன். டோடாவின் எருதையும் அதே ஏரில்தான் பூட்டுகிறார்கள். செவலையின் தோள்வலு அவருக்குத் தெரியாததா? சேறு காய்ந்த அந்த முதுகைப் பார்த்தார். பிறகு ஹில்டித்தின் முகத்தைப் பார்த்தார்.

"மயிலதான். கல்யாணப் பொண்ணு கணக்கா மினுக்குது பாரு," என்றார்.

அதை அப்படியே காரியஸ்தரின் பேச்சில் சொன்னேன். மயிலை ஓரடி நடந்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். அது அசையவில்லை. காரியஸ்தர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

ஆனால் உல்நாத் சாகவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பார்லிக் கள் கேட்டான். தரை இளகி ஏர் பூட்டும் நாளில் தானே எழுந்து வயலுக்கு வந்தான். முதல் உழவுச் சாலிலேயே செவலை முன்னங்கால் மடங்கி விழுந்தது. சீக்கு உனக்கா மாட்டுக்கா என்று கேட்டு ஆட்கள் சிரித்தார்கள். டோடா மட்டும் வேறு பக்கம் பார்த்தார். உல்நாத்தின் முறை கடைசிக்குத் தள்ளிப்போய், பாதி நிலம் உழாமல் கிடந்தது.

அன்று மாலை அவன் ரொட்டியைத் தொடவில்லை.

"நான் செத்துருவேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"அதுக்கு மாட்டப் பட்டினி போடுவியா?"

"நீ போற எடத்துல ஒனக்குக் கொறை இருக்காதுன்னு பாதிரியார் சொல்றாரு. எனக்கு யாருய்யா சொன்னா?"

அதன்பின் வெகுநாள் அவன் அவளிடம் பேசவில்லை. அவள் தன் பங்குக் கஞ்சியைச் செவலைக்கு ஊற்றினாள். உழாத நிலத்தைப் பற்றி கோட்டையிலிருந்து ஆள் வருமோ என்று பாதையையே பார்த்திருந்தாள். யாரும் வரவில்லை. கோடையில் செவலைக்குத் தசை பிடித்தது. ஊரே மெச்சியது, அவளோ ஒவ்வொரு மெச்சலுக்கும் காரியஸ்தர் காதில் விழுந்துவிடுமோ என்று திரும்பிப் பார்த்தாள்.

மறுபடி பனி இறங்கியது. ஒருநாள் காலையில் உல்நாத் இருமினான். மாவு பிசைந்துகொண்டிருந்த ஹில்டித்தின் கை நின்றது. அவன் அவளைப் பார்த்தான். இன்னொரு முறை இருமினான். பிறகு எழுந்து, உத்தரத்தில் தொங்கிய கொழுப்பில் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனான்.

தட்டிச் சுவருக்கு அப்பால் தேய்க்கிற சத்தம் கேட்டது. மயிலையிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்:

"அவங்க வந்தா அசையாம நில்லுடா. போன தடவ நின்ன மாதிரியே."