மோட்டார் சைக்கிள்காரரை நம்பி மலாக்காவுக்குக் கார் வாங்கப் போனோம்

மலாக்காவில் பழைய கார் வாங்கலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு, அதிலும் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவராக இருந்தால், இந்தக் கட்டுரை கட்டாயம் உதவும். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம், பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பக்கத்து டவுனான தம்பினிலிருந்து மலாக்காவின் காஜா பேராங் வரை போய் வந்தோம். போக இருபத்து நாலு மைல், வர இருபத்து நாலு மைல். என் பொறுமை முதல் பத்து மைலிலேயே தீர்ந்துவிட்டது.

காரணம் எங்கள் மகள் கோமதி. ஆறு வயது, இழுப்பு உண்டு. மழையிலும் எதிர்காற்றிலும் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மாதம் இரண்டு முறை அவளை மலாக்கா ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கே நாலு மைல். ஆகவே, மேலே கூரை, பக்கத்தில் ஏற்றி இறக்கும் கண்ணாடி, பின்னால் ஒரு சீட்டு. நான் கேட்டது இவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. பதினோரு வருஷமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். கார் லைசென்ஸும் எடுத்து வைத்திருக்கிறார், ஓட்டத்தான் கார் இல்லை. அவருக்கு இழுப்பு என்றால் என்னவென்று தெரியாது. வண்டிச் சத்தத்தில் பின்னால் இருப்பவர் கத்தினாலும் அவர் காதில் விழாது. அதனால் முதுகில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக, இரண்டு தட்டு தட்டினால் நிறுத்து என்று எங்களுக்குள் ஏற்பாடு. மழையில் நனைந்து வீடு சேர்ந்ததும் அவர் முதல் வேலையாக வண்டியைத் துடைப்பார். துடைத்து முடித்து உள்ளே வருவதற்குள் நான் பிள்ளைக்குத் துணி மாற்றி, வெந்நீர் கொடுத்து, நெஞ்சைத் தடவிவிட, இழுப்பு அடங்கியிருக்கும். "நல்லாத்தானே இருக்கா, நீ எல்லாத்தையும் பெருசாக்குற" என்பார்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் எந்த மாதிரி கார் வாங்குவார்கள் என்பதை நான் நாலைந்து வருஷமாகப் பார்த்து வருகிறேன். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் கூரையில்லாத காரை வாங்கி, மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டினார். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, இனி நனைவதே இல்லை என்று சபதம் போட்டு, லோரி மாதிரி பெரிய கார் ஒன்றை வாங்கினார். அது கித்தான் போர்த்திக் கொட்டகையில் தூங்குகிறது, அவர் இன்னும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். உட்காரப்போகும் மனுஷர்களை நினைத்துக் கார் வாங்கிய ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

காலை ஏழேகாலுக்குத் தம்பினில் பஸ். எனக்கு ஒரு வெள்ளி, கோமதிக்கு ஐம்பது காசு. அவர் பஸ்ஸில் வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, மோட்டார் சைக்கிளில் பஸ்ஸுக்கு முன்னும் பின்னுமாக வந்தார். அலோர் காஜாவரை எங்களை ஆறு முறை முந்தினார். ஒவ்வொரு முறையும் கையை ஆட்டினார். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டரைக்கு மலாக்கா. பசியாறிவிட்டு, சைக்கிள் ரிக்‌ஷாவில் அரை வெள்ளி கொடுத்து காஜா பேராங் போய்ச் சேர்ந்தோம்.

கார் விற்பவர் நடராஜா, அந்தப் பக்கத்துச் செட்டி சமூகத்துக்காரர். நெற்றி நிறைய விபூதியைப் பார்த்து, "வணக்கம், வண்டி எங்க இருக்கு?" என்று தமிழில் கேட்டேன். "மாசோக், மாசோக்" என்று மலாயில் உள்ளே கூப்பிட்டார். மலாக்காச் செட்டிகள் கும்பிடுவது நம் சாமியை, வீட்டில் பேசுவது மலாய். அதன்பிறகு பேச்செல்லாம் மலாய்தான்.

இரண்டு கார்கள் நின்றன. ஒன்று கறுப்பு, நாலு கதவு, கூரை, கண்ணாடி எல்லாம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி. மற்றது சிவப்பு, இரண்டே சீட்டு, கூரைக்குப் பதில் கிழிந்த கித்தான். ஆயிரத்து ஐந்நூறு. எங்களிடம் இருந்ததும் ஆயிரத்து ஐந்நூறுதான். கறுப்பு வேண்டுமென்றால் மீதிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்கிறேன் என்றார் நடராஜா. என் வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. சிவப்புக் காரின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரசு, இந்தக் காடி சத்தத்தக் கேளேன். அப்படியே நம்ம மோட்டர் மாதிரியே இருக்கு."

"அதுதான் வேணாங்கிறேன்" என்றேன்.

முதலில் சிவப்பில் பண்டார் ஹிலிர் வரை ஓட்டிப் பார்த்தார். கோமதி என் மடியில். கடற்கரைக் காற்று முகத்தில் அறைந்தது. முந்தானையால் பிள்ளையின் தலையை மூடினேன், மூடிய வேகத்தில் பறந்தது. அவள் இரும ஆரம்பித்ததும் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினேன். நிறுத்தினார்.

"பாப்பா இருமுறா."

"தூசிலா. டவுனுன்னா அப்படித்தான் இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே இறங்கி நடந்திருப்பேன். "ஏங்க, யாருக்குக் காடி வாங்க வந்தோம்? உங்களுக்கா, அவளுக்கா?" என்று கேட்டேன். அவர் காரைத் திருப்பினார்.

நான் பிடித்த பிடியில் மூன்று மணிக்குக் கறுப்புக் காரையும் எடுத்தார். நானும் கோமதியும் பின் சீட்டில். காற்றே இல்லை, அலமாரிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று புலம்பல். வளைவு வந்தால் மோட்டார் சைக்கிளில் சாய்வதுபோல உடம்போடு சாய்ந்தார், கார் பாட்டுக்கு நேராகப் போயிற்று. பிள்ளையார் கோயிலும் மசூதியும் இருக்கும் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், நின்றுகொண்டிருந்த ரிக்‌ஷாவுக்கும் கடைவாசல் நடைபாதையான அஞ்சடியின் தூணுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிள் மட்டுமே நுழையக்கூடிய சந்தில் காரை விட்டார். பழக்கதோஷம். ரிக்‌ஷாக்காரர் இறங்கி, தன் வண்டியைத் தூக்கி நகர்த்திவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றினோம். மழைச் சத்தம் வெளியே போய், காருக்குள் அமைதியாகிவிட்டது. காஜா பேராங் திரும்பும் வழியில் அவர் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"கேட்டியா? எங்கயோ விசில் அடிக்குது. நான் அப்பவே சொன்னேன்ல, இது ஓட்ட காடின்னு."

மழையில் இறங்கினார். முன்மூடியைத் திறந்தார், குனிந்து அடியில் பார்த்தார், கதவு இடுக்குகளைத் தடவினார். சட்டை முழுக்க நனைந்து திரும்பி உள்ளே உட்கார்ந்தார்.

"எஞ்சின் நின்னு போச்சு, இன்னும் அடிக்குது. எங்கேருந்துதான் வருது?"

"காடியிலேருந்து வரல" என்றேன். "உங்க மக நெஞ்சுலேருந்து வருது."

அவர் திரும்பிப் பார்த்தார். கோமதி வாயைத் திறந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சீட்டுக்கு மேலாக எக்கி, அவள் நெஞ்சருகே காதை வைத்துக் கேட்டார்.

"மோட்டர்ல வரும்போதும் இப்படித்தானா?"

"மழ பேஞ்சா இத விட மோசம்."

"நீ ஏன் சொல்லல?"

"முதுகுல எத்தன தட்டுத் தட்டிச் சொல்லணும்?"

நடராஜாவின் வீட்டில் அவர் விலை பேசவில்லை. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியையும் மோட்டார் சைக்கிள் சாவியையும் மேசைமேல் வைத்தார். "போலே" என்று நடராஜா சம்மதம் சொல்லி எழுந்து, கோமதிக்கு வெந்நீர் கொண்டுவந்தார். பதினோரு வருஷ வண்டியை என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமல் வந்தார், நான்தான் திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் வீடுவரை ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்துகொண்டேதான் வந்தார். ஆறரைக்கு வீடு. கார் முழுக்கச் சேறு. துடைக்கும் துணியை அவர் தேடவில்லை, கோமதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் பஸ்ஸிலேயே கிளம்புங்கள், மழை மத்தியானத்துக்குமேல் வரும். காஜா பேராங்கில் தமிழ் பேசுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ஜாலான் துக்காங் எமாஸில் காரை விடவே விடாதீர்கள், பிள்ளையாரை நடந்து போயே கும்பிடலாம். காரில் உட்காரப்போகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மோட்டார் சைக்கிள்காரர் கூரையில்லாத கார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வாயைக் கொடுக்காதீர்கள், நான் கொடுத்துப் பார்த்தாயிற்று. கூரையுள்ள காரில் உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். பின் சீட்டில் இருப்பவர்கள் மூச்சு விட்டால் போதும்.