உப்புத் தண்ணீரை உள்ளே விட்டவன்

மலாயாவில், செர்காம் கரையோரத்தில் ஓர் அலையாத்திக் காடு அழிந்ததற்கு நான் காரணம். கோடரி பிடித்தவர்கள் வேறு ஆட்கள். உத்தரவு போட்டவர் வெள்ளைக்கார அதிகாரி. ஆனால் அந்த உத்தரவுக்கு வேண்டிய வாக்கியத்தை அவருக்குக் கொடுத்தவன் நான். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் எல்லாரும் பயந்து கிடந்தோம், யாரைக் குற்றம் சொல்வது என்று என் வயதுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். நான் பயந்து செய்யவில்லை. வெட்கப்பட்டுச் செய்தேன்.

அப்போது நான் ஒரு தென்னந்தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மலாக்கா பட்டணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதால் ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது.

வேலிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது அந்தக் காடு. கடல் ஏற்றத்தில் அடிமரம் வரை தண்ணீர் நிற்கும். வற்றத்தில் சேறு தெரியும், சேற்றில் பென்சில்களை நட்டுவைத்ததுபோல் மூச்சுவேர்கள். பெண்கள் வேலை முடிந்ததும் வற்றம் பார்த்து இறங்கி நண்டும் சிப்பியும் பொறுக்குவார்கள். ரேஷன் அரிசிக்கு அதுதான் குழம்பு. காட்டின் முனையில் ஒரு மரத்தடியில் சூலம் நட்டு முனியாண்டியைக் கும்பிட்டார்கள். இறங்கும் முன் அவருக்கு ஓர் உருண்டை சோறு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முதலை காலைக் கவ்வும் என்பது நம்பிக்கை.

அந்தச் சோற்றோடுதான் வேலி வாசல் சோதனையில் ஓர் அக்கா பிடிபட்டார். கொப்பரைக் கொட்டகையில் வேலை பார்த்த விதவை. ஆபீசில் அதிகாரி விசாரித்தார், நான் மொழிபெயர்த்தேன்.

"யாருக்குச் சோறு கொண்டு போறீங்கன்னு கேக்குறாரு."

"முனியாண்டிக்குத்தான். சேத்துல எறங்குறோம்ல? உங்களுக்கே தெரியுமே, நல்லா எடுத்துச் சொல்லுங்கய்யா."

எனக்குத் தெரியும். ஆனால் நான் அப்போது குட்டித் தெய்வங்களையும் படையலையும் எதிர்த்து மேடை ஏறிப் பேசிக்கொண்டிருந்தவன். நீ மற்றவர்களைப்போல் இல்லை என்று அந்த அதிகாரி ஒருமுறை என்னைப் பாராட்டியிருந்தார். சேற்றுச் சாமிக்குச் சோறு என்று அவர் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல நாக்குக் கூசியது. "அந்தக் காட்டுக்குள் கொண்டுபோகிறார். இவர்கள் வழக்கமாகக் கொண்டுபோவதுதான்" என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

அந்த அக்காவை லாரியில் ஏற்றி ஜாசின் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். ஒன்றும் கிடைக்காமல் சில வாரங்களில் அனுப்பிவிட்டார்கள். அதற்குள் காடு போய்விட்டது. ஆட்கள் ஒளிய இடம் இருக்கக் கூடாது என்று அதிகாரி வெட்டச் சொன்னார். தோட்டத் துரைக்கு அது வசதியாகப் போயிற்று. வெட்டிய சேற்றைச் சுற்றி மண்கரை எழுப்பி, மதகு வைத்துத் தென்னங்கன்று நட்டார். மதகில் ஒரு மரக்கதவு. வற்றத்தில் உள்தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஏற்றத்தில் கடலே அதை அறைந்து மூடும்.

கடல் வராத சேறு காய்ந்து, வெடித்து, புளித்துப்போனது. அந்த மண்ணில் கந்தகம் இருக்கிறது, ஈரத்தில் கிடக்கும்வரை சாதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் அமிலமாகும் என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று கண்ணால் பார்த்தது வேறு. வாய்க்கால் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தது. ஓரமெல்லாம் துருப் படிந்தது. நண்டுகள் வயிறு தெரிய மல்லாந்து கிடந்தன. தென்னங்கன்றுகள் மஞ்சளாகி நின்றன. இறால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லாததால் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்து மீனவர்களின் வலையும் இளைத்தது. முன்பெல்லாம் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று அடிக்கும்போது அலை மரங்களில் மோதி ஓய்ந்துவிடும். இப்போது நேரே கரையைத் தின்றது, வேலிக் கம்பங்களைச் சாய்த்தது. லயத்துக் கிணறு கரிக்கத் தொடங்கியது.

"ஏங்கய்யா, உப்புக்கு இங்கிலீசுல என்ன பேரு?" கிணற்றடியில் என்னைக் கண்டதும் அந்த அக்கா கேட்டார். மற்றப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அங்கேயே, எல்லார் முன்னாலும், நான் சொன்னதையும் விட்டதையும் ஒப்புக்கொண்டேன். மன்னிக்கச் சொன்னேன்.

"தெரியும்லா. நீங்க சொன்னத எழுதி வச்சிருந்தாங்க, ஜாசின்ல இருந்த தமிழ் போலீசுக்காரரு படிச்சுச் சொல்லிட்டாரு. மன்னிச்சா நண்டு வருமா? போங்க, போய் வேலையப் பாருங்க."

அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். மரந்தானே என்றார். ஆற்றுமுகத்திலிருந்து பாக்காவ் என்ற அலையாத்தி மரத்தின் விதைகளை, முருங்கைக்காய்போல் நீண்டவை, பொறுக்கி வந்து கரைக்கு உள்ளே நட்டேன். எல்லாம் கறுத்து அழுகின. ஏறி இறங்கும் தண்ணீர் இல்லாத இடத்தில் விதை என்ன செய்யும்? மதகுக் கதவைக் கழற்றிவிடச் சொல்லித் துரையிடம் கேட்டேன். நிலத்தைக் கடலுக்குத் தானம் கொடுக்கும் பைத்தியம் உண்டா என்றார்.

ஒரு நண்பகல் வற்றத்தில் கடப்பாரையோடு போனேன். ஒளிந்து போகவில்லை. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் மேட்டிலிருந்து கத்தினார்: "கிராணி! துரை மாராலா! கோவம் வரும்!"

"வரட்டும்! கடலும்தான் வருது!"

கீலை நெம்பிவிட்டேன். கதவு ஊறிப்போன பலகை, அசையவில்லை. கொட்டகையிலிருந்து பெண்கள் வந்து கரைமேல் நின்றார்கள். ஒருத்தி உதவிக்கு இறங்கப் பார்த்தாள். அந்த அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லுடி. ஒத்தையாத்தானே சொன்னாரு, ஒத்தையாவே தூக்கட்டும்."

நியாயம். ஒற்றையாகவே தூக்கினேன். கதவு சேற்றில் விழுந்தபோது என் உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. ஏற்றம் வந்தது. பழுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தத் தோட்டத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

அலை அடித்துக் கதவு பிய்ந்தது என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்கும் என்றார் துரை. நான்தான் கழற்றினேன் என்று முழுசாக எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். பட்டணத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தேன்.

செத்த நிலத்துக்குப் புதுக் கதவு எதற்கென்று துரை அதை அப்படியே விட்டுவிட்டார். ஏற்றமும் வற்றமும் புளிப்பைக் கழுவின. அலையில் மிதந்து வந்த விதைகள் தாமாகவே ஊன்றின. என் கையால் நட்டது அதில் ஒன்றுகூட இல்லை. கிணறு தேற இன்னும் பல காலம் பிடித்தது.

அவசரகாலம் முடிந்து வேலி பிரித்த பிறகு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மரங்கள் என் தலைக்கு மேலே நின்றன. அந்த அக்கா சேற்றிலிருந்து கூடையோடு ஏறி வந்தார். கூடையில் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. நான் கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை. கூட வந்தவள் யாரென்று கேட்டாள்.

"பழைய கிராணிலா. நின்னா நிக்கட்டும். தண்ணி ஏறுது, நட."