அளவுக்குப் பொருந்தாத பாலன்

பணி ஓய்வுக்குப் பிறகு நான் மரத்தில் சிறு மாதிரிகள் செய்து வருவது எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் பலருக்கும் தெரியும். அவர்கள் அறியாதது ஒன்று உண்டு. அதை எழுதவே இதைத் தொடங்கினேன்; எழுதாமல் இருப்பதற்குக் காரணங்கள் தேடி இரண்டு மாதங்களைக் கழித்தும் விட்டேன்.

அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக இருந்தேன். வரைபடத்தில் உள்ளதும் தரையில் நிற்பதும் வேறுபட்டால் ஒப்பமிடாதவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் விரும்பினேன் என்பதை மறைப்பானேன். ஓய்வு பெற்றதும் சேலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு மேசை போட்டு, மெல்லிய இழைவாள், சிற்றுளிகள், உப்புத்தாள், வெர்னியர் அளவுகோல் ஆகியவற்றை வரிசையாக வைத்துக்கொண்டேன். மரம் நாமக்கல்லிலிருந்து வந்தது. அங்கே லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் தேக்குத் துண்டுகளைக் கழித்துப் போடுவார்கள். முதன்முறை நான் குனிந்து பொறுக்கியதைப் பார்த்த பட்டறைத் தச்சர் ஒருவர் கேட்டார்:

"ஏனுங்க சார், ஊட்டுல கேஸ் தீந்து போச்சுங்களா?"

லாரி ஒன்று செய்யப் போகிறேன் என்றேன். அவர் என் கையிலிருந்த முழ நீளத் துண்டைப் பார்த்தார்.

"அப்ப டிரைவரு எறும்புங்களாட்ட இருக்குது."

பட்டறையே சிரித்தது. நான் சிரிக்காமல் வெளியேறினேன். மூன்று மாதம் கழித்து, இருபதில் ஒரு பங்கு அளவில் செய்த லாரியை அவர் முன் கொண்டுபோய் வைத்தேன். கதவு திறந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்பின. அவர் அதைக் கவிழ்த்து அடிச்சட்டத்தை நெடுநேரம் பார்த்தார். அன்றிலிருந்து என்னோடு பேசும்போது அவர் உட்கார்ந்து பேசியதில்லை. அந்த மரியாதை எனக்கு இனித்தது. அதற்கடுத்து எங்கள் பங்குக் கோவிலை மணிக்கூண்டோடு செய்து கொடுத்தேன். அது பங்குச் சாமியார் இல்லத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஓய்வு பெற்ற நான்காம் ஆண்டில் குடில் செய்யத் தீர்மானித்தேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடுகளில் குடில் வைப்போம். மாட்டுக் கொட்டில், மாதா, அவர் கணவர் சூசையப்பர், இடையர்கள், ஆடுமாடுகள் எல்லாம் முன்கூட்டியே இடம்பெற்றுவிடும். நடுவிலுள்ள தீவனத் தொட்டி மட்டும் வெறுமையாக இருக்கும். இருபத்து நான்காம் தேதி மாலை, குழந்தை இயேசுவின் சுரூபமாகிய பாலனை வீட்டுப் பெண்மணி அதில் கிடத்துவார். எங்கள் வீட்டில் அந்தப் பாலன் என் மனைவியினுடையது. வாழப்பாடியில் இருந்த அவளுடைய தாய், திருமணத்தின்போது மற்றச் சுரூபங்களோடு கொடுத்தனுப்பியது. சுண்ணப் பொம்மைதான். வலக்காலின் இரண்டு விரல்கள் உடைந்து, மெழுகால் ஒட்டப்பட்டிருந்தன.

பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் பெத்லகேம் சத்திரம் ஒன்றைக் கட்டினேன். கல் சுவர் போலச் செதுக்கிய மரச்சுவர், கீல் போட்ட கதவுகள், உள்ளே ராட்டினத்தோடு கிணறு. பதினோரு மாத வேலை. முடிந்ததும் என் மனைவி தன் சுரூபங்களைப் பஞ்சுக்குள்ளிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் அளவுகோலை எடுத்து, அவள் கண்முன்பாகவே ஒவ்வொன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதினேன். சூசையப்பர் ஒன்பது அங்குலம். பாலன் ஐந்தரை அங்குலம். ஒட்டகம் ஆட்டைவிடச் சிறியது.

"சூசையப்பர் ஐந்தரை அடி ஆள் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பாலன் நான்கு வயதுப் பிள்ளை" என்றேன். "என் சத்திரத்துக்குள் வைத்தால் பாலனே சூசையப்பர் உயரம் வருவார்."

"பெரிசா இருந்தா என்னங்க? அவரு சாமிதானுங்களே."

"அளவு என்றால் அளவுதான். நடுவர்கள் வந்து பார்ப்பார்கள்."

அந்த ஆண்டுமுதல் பங்கில் வீட்டுக் குடில்களுக்குப் போட்டி வைத்தார்கள். என் மனைவி நான் எழுதிய தாளை ஒருமுறை படித்துவிட்டு, சுரூபங்களை மறுபடி பஞ்சில் சுற்றினாள்.

ஆட்களை நானே செதுக்கலாம் என்று வேப்பமரத்தில் தொடங்கினேன். என் கைக்கு நேர்க்கோடு வரும், வளைவும் வரும், முகம் வரவில்லை. ஆறு வாரம் முயன்றேன். மேலே காபி கொண்டுவந்த என் மனைவி மூன்றாவது சூசையப்பரைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, இவருக்குப் பல்லு வலிங்களா?"

அவள் கேலியில் வஞ்சம் இல்லை. ஆனாலும் நான் அன்றே எல்லாவற்றையும் தண்ணீர் காய்ச்சும் அடுப்பில் போட்டேன். பிறகு என் அளவுக்குப் பொருந்தும் வார்ப்புப் பொம்மைகளைக் கணினி வழியே வரவழைத்தேன். பார்சலுக்குக் கையெழுத்திட்டு வாங்கியவள் என் மனைவி. அவற்றின் வண்ணத்தைச் சுரண்டி, தேக்கு நிறம் பூசி, ஊசியால் ரேகைகள் கீறினேன். மரமல்ல என்று எவராலும் சொல்ல முடியாது.

குடிலைக் கூடத்துக்கு இறக்குமுன் நடுவர்கள் நால்வர் மாடியறைக்கே வந்தார்கள். அவர்களில் ஒருவரான பள்ளி ஆசிரியை குனிந்து பார்த்துவிட்டு, "இந்தச் சுரூபமெல்லாம் நீங்களே செதுக்கினதுங்களா சார்?" என்று கேட்டார்.

"எல்லாம் இந்த மேசையில்தான் நடந்தது" என்றேன்.

பொய்யில்லாத ஒரு வாக்கியத்தை அவ்வளவு விரைவாகக் கண்டுபிடித்தேன். வண்ணம் பூசியது அந்த மேசையில்தான். என் மனைவி முறுக்குத் தட்டை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். முதல் பரிசு கிடைத்தது. திருவிழாப் பூசையில் சாமியார், தம் கையாலேயே பாலனைச் செதுக்கிய ஒருவர் நம்மிடையே இருக்கிறார் என்று பிரசங்கத்தில் சொன்னார். தலைகள் திரும்பின. என் மனைவி இருந்த பெண்கள் பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது அதற்கு முந்திய மாலை. படுக்கையறையில் தையல் இயந்திரத்தின் மரமூடிமேல் வெள்ளைத் துண்டை மடித்து விரித்து, அவள் தன் பாலனைக் கிடத்தி மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள். கூடத்திலே குடில் பார்க்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள்.

"இரண்டு பாலன் எதற்கு என்று கேட்பார்கள். கதவைச் சாத்து" என்றேன்.

அவள் சாத்திக்கொண்டாள். அதற்கடுத்த இரண்டு கிறிஸ்துமஸிலும் நான் சொல்லாமலே சாத்திக்கொண்டாள். கூடத்துக் குடிலில் ஒன்றே முக்கால் அங்குலப் பாலனை நானே இடுக்கியால் எடுத்து வைத்தேன். மூன்று ஆண்டும் முதல் பரிசு எனக்கே வந்தது.

அதற்கடுத்த ஆண்டு, கோவில் குடிலுக்கான சுரூபங்களைப் பரணிலிருந்து இறக்கும்போது பெட்டி நழுவி, கோவில் பாலன் நொறுங்கிப் போயிற்று. அடுத்த நாளே சாமியார் வீட்டுக்கு வந்தார்.

"கடையில வாங்கறதுக்கு மனசு வரலைங்க சார். கையில செதுக்கறவரைப் பங்குலயே வச்சுக்கிட்டு எதுக்குக் கடைக்குப் போறது? நீங்களே ஒரு பாலனைச் செஞ்சு குடுத்துருங்க."

நான் வாங்கிய பெயர் என்னிடம் வேலை கேட்டு வந்து நின்றது. இரண்டு நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார், பங்கு மக்கள் ஒரு வாரம் பேசியிருப்பார்கள். மாறாக, என் வலக்கையை இடக்கையால் பற்றிக்கொண்டேன்.

"சில மாதமாகக் கை நடுங்குகிறது சாமி. உளி பிடிக்க முடியவில்லை."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

அந்த ஞாயிறு பூசையில், நோயுற்றோருக்கான மன்றாட்டுகளில் என் கையும் இடம்பெற்றது. கை நடுக்கத்தால் வருந்தும் நம் மூத்த சகோதரருக்காக என்று வாசித்தார்கள். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோவில் முழுவதும் பதில் சொல்லிற்று. பூசை முடிந்து வெளியே வந்தால், தைலம் தந்தவர் ஒருவர். ஆட்டையாம்பட்டியில் நல்ல வைத்தியர் இருப்பதாகச் சொன்னவர் ஒருவர். என் கையைத் தம் இரு கைகளிலும் வாங்கித் தடவிப் பார்த்த ஒரு முதியவர், "இப்ப ஆடலீங்களே" என்றார். "வந்து வந்து போகும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செபமாலையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்:

"அத்தனை பேரும் சொன்னாங்க. எனக்கு வாயே வரலைங்க. இல்லாத நோய்க்கு என்னன்னு வேண்டிக்கறது?"

நான் மாடிக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அன்று முதல் மாடியறையில் வேலை செய்தால் சாளரத்தையும் சாத்த வேண்டியதாயிற்று. அறுக்கும் ஓசை தெருவுக்குக் கேட்கக்கூடாது.

மூன்று நாள் கழித்து அவள் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய்த் திரும்பினாள். திரும்பியபோது கை வெறுமையாக இருந்தது. நான் கேட்கு முன் அவளே சொன்னாள்.

"எங்கம்மா குடுத்த பாலனைக் கோவிலுக்குக் குடுத்துட்டனுங்க."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? இங்க அதுக்கு எடமில்லை. அங்க தொட்டி காலியாக் கெடக்குது."

பங்கு மக்கள் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்கள். கணவர் கை குணமாக வேண்டி, தாய்வீட்டுச் சீராக வந்த பாலனையே அந்த அம்மாள் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார் என்று பேச்சு பரவிற்று. சாமியார் பலிபீடத்திலிருந்தே அதைச் சொன்னார். பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். அவள் மறுத்துச் சொல்லவில்லை. சொன்னால் என் பொய் வெளிப்பட்டுவிடும். வாழ்நாளில் பொய் பேசாத ஒருத்தியை, எல்லோர் முன்பும் வாய்மூடி நிற்க வைத்தேன். நான் உளியைத் தொட்டால் அது அற்புதமாகக் கொண்டாடப்படும். உண்மையைச் சொன்னால் அவள் காணிக்கை கேலிக்குரியதாகும். அல்லது, அப்படி ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று யோசித்தால், எனக்குச் சாதகமான வாதமாக மட்டுமே அது தெரிகிறது.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று கோவில் குடிலைப் பார்த்தேன். எல்லாச் சுரூபங்களையும்விடப் பாலன் தெளிவாகத் தெரிந்தார். குடில் முன் கூடியவர்களில் பின்னால் நின்றவர்களுக்கும் அவர் கைவிரித்துச் சிரிப்பது தெரிந்தது. அளவைப் பற்றி எவரும் பேசவில்லை. தொட்டிதான் பொருந்தவில்லை, பழைய பாலனுக்குரிய தொட்டி சிறியது என்று அட்டைப் பெட்டி ஒன்றில் வைக்கோல் பரப்பிக் கிடத்தியிருந்தார்கள். பெட்டியின் பக்கத்தில் ஏதோ சோப்பு விளம்பரம்.

பொங்கல் கழிந்ததும் நான் ஒரு தொட்டி செய்யத் தொடங்கினேன். அந்தப் பாலனின் அளவுகள் எனக்கு மனப்பாடம். அவற்றை எழுதிய தாளை எறிந்துவிட்டாலும் எண்கள் போகவில்லை. நல்ல தேக்கில், ஆணியே இல்லாமல், நான்கு கால்களையும் கொளுவிப் பூட்டினேன். என் ஓய்வுக்காலத்தில் நான் செய்தவற்றுள் அதுவே சிறந்தது. ஐந்தரை அங்குலத்துக்கு மேலாக, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வைக்கோலுக்கு இடம் விட்டிருந்தேன். ஒரு காலையில் அதைச் சமையலறைக்கு எடுத்துப்போய் என் மனைவி முன் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க."

"சாமியாரைக் கேட்டு, டிசம்பரில் பாலனை வீட்டுக்குக் கொண்டு வரலாமா? இனி நம் குடிலில் நீயே கிடத்து. சத்திரத்தை எடுத்துவிடுகிறேன்."

"கோவிலுக்குக் குடுத்ததை எப்படிங்க திருப்பிக் கேக்கறது? அங்க இத்தனை பேரு குனிஞ்சு பாதத்துல முத்தி செய்யறாங்க." தொட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இதை வேணா நீங்க அங்க கொண்டுபோய்க் குடுங்க. அட்டைப் பெட்டியில கெடக்கறதுக்கு இதுல கெடக்கட்டும்."

"யார் செய்தது என்று கேட்பார்களே."

"கேப்பாங்க."

அவள் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். நான் தொட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். டிசம்பருக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நவம்பரில் அடுத்த வாரம் என்றேன். டிசம்பரில், கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்துப் போகலாம் என்றேன். இருபத்து நான்காம் தேதி பகல் முழுவதும் தொட்டி செய்தித்தாள் சுற்றப்பட்டு மேசைமேல் இருந்தது. மாலையில் நாங்கள் இருவரும் கோவிலுக்குக் கிளம்பியபோதும் மேசைமேலேயே இருந்தது. என் மனைவி என் வெறுங்கைகளைப் பார்த்தாள்.

பூசைக்குப் பின் பாலனின் பாதத்தில் முத்தமிட வரிசை நின்றது. அதே அட்டைப் பெட்டி; இம்முறை வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "சார் கை இப்ப எப்படிங்க இருக்குது?" என்று கனிவாக விசாரித்தார்.

"தேவலாம்" என்றேன்.

என் மனைவி அதற்குள் முழந்தாளிட்டுவிட்டாள். அவள் தலை நிமிர வெகுநேரமாயிற்று. பின்னால் வரிசை நெருக்கியது. அவளை எழுப்பக் கை நீட்டினேன். அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்து, தானாகவே எழுந்து போனாள்.